பெட்டியடியும் தேர்வுக் குழுவும்

திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் 506, 507 என்று அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறட்பாக்கள் ஒன்றையொன்று முறைத்துக் கொண்டிருப்பவை. சுற்றம் அற்றவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்காதே, உலகத்தோடு ஒட்டில்லாத அவர் பழிக்கு நாணமாட்டார் என்று முன்னது எச்சரிக்கிறது. நமக்கு வேண்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக, அறிய வேண்டியதை அறியாதவரைத் தேர்ந்தெடுத்தால் எல்லா அறியாமையும் உடன்வந்து சேரும் என்று பின்னது எச்சரிக்கிறது. முன்னது ஆளின் உறவைப் பார்க்கச் சொல்கிறது. பின்னது உறவைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளாதே என்கிறது. ஒரு வேலைக்கு ஆளெடுக்க உட்காரும் எவருக்கும் இவ்விரண்டு அச்சங்களும் உண்டு. தெரியாதவனை எப்படி நம்புவது? தெரிந்தவன் என்பதற்காக மட்டும் எப்படி எடுப்பது?

செட்டிநாட்டின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் இவ்விரண்டு குறள்களும் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைக்கு வந்ததை நாம் காணலாம். கடல்கடந்து கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகள் முதற்குறளின் வழியில் ஆளெடுத்தன. விடுதலைக்குப் பின் வளர்ந்த பொதுத்துறை நிறுவனங்கள் இரண்டாம் குறளின் வழியில் ஆளெடுக்க முயன்றன. அம்முயற்சியில் அவை பலமுறை சறுக்கின. நீதிமன்றங்களின் கண்டிப்புக்குப் பிறகே, கட்டமைக்கப்பட்ட நேர்முகத் தேர்வு என்று இன்று நாம் சொல்லும் முறையை நோக்கி மெல்ல நகர்ந்தன. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் திருப்பத்தூரிலும் இன்று நேர்முக அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு உதவும் என்பது நம் எண்ணம். ஒரு விதி யாருக்காக உருவானது என்று அறிந்தவர் அதைக் கண்டு அஞ்சுவதில்லை.

* * *

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தாரின் வட்டித்தொழில் இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் என்று பரவியது. பர்மாவில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் 1930-ஆம் ஆண்டை ஒட்டி இயங்கின. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய பணம் ஐராவதிக் கழிமுகத்து நெல்வயல்களில் கடனாக நிற்கும். இடையில் வங்கக் கடல். தொலைபேசி இல்லை, கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வரவேண்டும். அந்தத் தொலைவில் யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது வசூலிப்பது என்று முடிவெடுப்பவர் ஏஜெண்டு என்னும் மேலாள். முதலாளி எழுதிக்கொடுத்த முக்தியார் அவர் கையில் இருக்கும். அவர் போடும் கையெழுத்து முதலாளியைக் கட்டுப்படுத்தும். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. போகுமுன் சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை முடிந்ததும் ஊர் திரும்பிக் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஓர் ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? ஒருநாள் அழைத்து, அரைமணி நேரம் கேள்வி கேட்டு எடுக்கவில்லை. பையன் சிறுவயதிலேயே எண்சுவடியும் மனக்கணக்கும் கற்றான். முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கும், அதற்குக் கீழே கீழ்வாய்ச் சிற்றிலக்கமும் அவன் நாவில் நின்றன. பிறகு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். பெட்டியடி என்பது பணப்பெட்டியும் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசையும் இருக்கும் இடம். அங்கே உட்கார்ந்து குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குப் பற்றுவரவை ஏற்றவும், வட்டி கூட்டவும், ஐந்தொகை போடவும் பழகினான். தேறியவன் அடுத்தாள் ஆனான். அதிலும் தேறியவன் மேலாள் ஆனான். ஆண்டுக்கணக்கில் நடந்த இந்தத் தேர்வில், தான் தேர்வெழுதிக் கொண்டிருக்கிறோம் என்பதே பல நேரங்களில் பையனுக்குத் தெரிந்திராது.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் இன்னொரு காவல் இருந்தது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்து அமைந்தது நகரத்தார் சமூகம். திருமணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் தன் கோயிலில் ஒரு புள்ளி. இன்ன ஊர், இன்ன கோயில், இன்னார் மகன் என்று மூன்று விடைகள் கிடைத்துவிட்டால், கேட்பவருக்கு அந்தப் பையனின் தாத்தா காலத்துக் கணக்கு வரை தெரிந்துவிடும். ரங்கூனில் ஒருவன் கையாடினால் அந்தச் செய்தி ஊருக்கு வரும். அவன் வீட்டுச் சம்பந்தப் பேச்சுகளில் அது ஒலிக்கும். பழிக்கு நாணும்படியாக ஒவ்வொருவரையும் சுற்றம் கட்டிவைத்திருந்தது. குறள் 506 சொல்லும் பாதுகாப்பு இதுதான்.

இந்த முறையை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. எழுத்துத் தேர்வும் காவல்துறைச் சரிபார்ப்பும் இல்லாத காலத்தில், ஒரு கையெழுத்தை நம்பி ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் கடல்கடந்து போயிற்று. பெரும்பாலும் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவரை இம்முறை எப்படிப் பார்த்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதே ஊரில் பிறந்து, அதே திண்ணைப் பள்ளியில் அதே எண்சுவடியை மனனம் செய்த வேறு சமூகத்துப் பையன் மேலாளாகப் பர்மா போவது அரிதினும் அரிது. பெண்களுக்கு அந்தப் படிவரிசையில் இடமே இல்லை. வீட்டு வரவுசெலவையும் சீர்க் கணக்கையும் துல்லியமாக வைத்திருந்த ஆச்சிமார்கூடப் பெட்டியடியில் உட்கார்ந்ததில்லை. அவர்களுடைய தகுதியை யாரும் சோதித்துப் பார்த்து மறுத்ததில்லை. சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

* * *

அந்த உலகம் விரைவிலேயே சரிந்தது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனுக்கு ஈடாக நிலம் வந்ததே தவிரப் பணம் வரவில்லை. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு பர்மாக் கடைகளை மூடவைத்தது. விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963-இல் அங்கிருந்த வங்கிகளும் அரசுடைமையாயின. கொண்டுவிற்கப் போக இனி இடமில்லை என்ற நிலையில், செட்டிநாட்டுப் பிள்ளைகளும் மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பட்டம் படித்துச் சம்பள வேலை தேடும் காலம் வந்தது.

அந்த வேலையைத் தரப்போகும் நிறுவனங்களில் சிலவற்றுக்கு இந்த மண்ணிலேயே வேர் இருந்ததுதான் வரலாற்றின் விந்தை. 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளை திறந்தது. ஆர்பத்நாட் வங்கி 1906-இல் முறிந்து ஊர்ப்பணம் கரைந்த பிறகு, வி. கிருஷ்ணசாமி ஐயர் முயன்று 1907-இல் நிறுவிய இந்தியன் வங்கிக்கும் செட்டியார்களின் முதலீடு துணைநின்றது. 1969-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் நாட்டுடைமையான 14 வங்கிகளில் இவ்விரண்டும் இருந்தன. இதற்கிடையே வள்ளல் அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் வரவழைத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டது.

நாட்டுடைமையின் விளைவுகளில் அதிகம் பேசப்படாத ஒன்றை நாம் இங்கே கவனிக்க வேண்டும். தனியார் வங்கி யாரை வேலைக்கு எடுக்கிறது என்பது அதன் நிர்வாகத்தின் விருப்பம். அரசு வங்கிக்கு அந்த விருப்பம் கிடையாது. அரசியலமைப்பின் 14, 16 ஆகிய பிரிவுகள், சட்டத்தின் முன் சமத்துவமும் பொதுவேலையில் சமவாய்ப்பும் தரவேண்டும் என்று அதைக் கட்டுகின்றன. காரைக்குடிக் கிளையின் கதவு அதே கதவுதான். ஆனால் அதன்வழியே உள்ளே போகும் உரிமை இப்போது இன்னார் மகன் என்ற விடையைச் சார்ந்ததாக இல்லை. 1970-களின் இறுதியில் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் ஏற்பட்டன. 2001-இல் அவை கலைக்கப்பட்டன. 2011 முதல் ஐ.பி.பி.எஸ். என்னும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் பொதுத்துறை வங்கிகள் பலவற்றுக்கும் ஒரே பொது எழுத்துத் தேர்வை நடத்தி வருகிறது.

* * *

எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு முகம் இல்லை. நேர்முகத்தில் முகம் உண்டு. ஊர், பேச்சு, உடை, அப்பாவின் தொழில் எல்லாம் உண்டு. விரட்டப்பட்ட சிபாரிசு திரும்பி வரக்கூடிய ஒரே வாசல் அதுதான். மெக்காலே குழு 1854-இல் பரிந்துரைத்து மறு ஆண்டே தொடங்கிய ஐ.சி.எஸ். போட்டித் தேர்வின் நோக்கம், கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால் பதவி கிடைக்கும் வழக்கத்தை ஒழிப்பது. நம் மாகாணத்தில் 1929-இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் முதலாவது அதுதான்; இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முன்னோடி. ஆளெடுப்பை அமைச்சர், அதிகாரிகளின் கையிலிருந்து ஒரு தனி அமைப்புக்கு மாற்றிய பெருஞ்செயல் அது. ஆயினும் நேர்முக அறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நெடுங்காலம் தெளிவான இலக்கணம் ஏற்படவில்லை.

அந்த இலக்கணத்தின் முதல் வரிகளில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்து கிடைத்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கு அது. பொருள் வேலை அன்று. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை. அப்போது நேர்முகத்துக்கு 75 மதிப்பெண்கள் இருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பிற சேவைகள், உடல்திறன், பொதுத்திறன், நாட்டம் என்று தலைப்புகளும் வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் தேர்வுக் குழுவினர் தலைப்புவாரியாக மதிப்பெண் இடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். இது சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் கூறியது. பார்ப்பதற்குச் சிறிய குற்றம் போலத் தோன்றும். மொத்தமாகப் போட்ட எண்ணுக்குக் காரணம் கேட்க முடியாது. தலைப்புவாரியாகப் போட்ட எண்ணுக்குக் கேட்கலாம். பேரேட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிவைத்த கணக்குப்பிள்ளையைச் செட்டிநாட்டு முதலாளி ஏற்றுக்கொள்வாரா என்று எண்ணிப் பார்த்தால் தீர்ப்பின் நியாயம் விளங்கும்.

பத்தாண்டுக்குப் பின், 1980-இல், அஜய் ஹாசியா வழக்கு வந்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் மொத்தம் 150 மதிப்பெண்களில் 50 நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடங்களே விசாரணை நடந்தது என்பது புகார். மூன்றில் ஒரு பங்கு மிகை என்றும், இத்தகைய சேர்க்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்குத் தருவது தன்னிச்சையானது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. நேர்முகத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்வது நல்லது என்றும் அது கருத்துரைத்தது.

நம் கதைக்கு மிக நெருக்கமானது 1985-இல் வந்த அசோக் குமார் யாதவ் வழக்கு. ஹரியானா தேர்வாணையத்தைப் பற்றியது. நெருங்கிய உறவினர் ஒருவர் நேர்முகத்துக்கு வந்தால், குழுவின் உறுப்பினர் அவருடைய நேர்முகத்தில் கலந்துகொள்ளாமல் விலகிவிட வேண்டும். அவர் தகுதியைப் பற்றிய பேச்சிலும் பங்கெடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் வகுத்தது. பெட்டியடிக் காலத்தில் உள்ளே வருவதற்கு உறவுதான் சீட்டு. இப்போது உறவு தெரிந்தால் எழுந்து வெளியே போகவேண்டியவர் தேர்வு செய்பவர்.

அடுத்த கட்டமாக, எந்த வேலைகளுக்கு நேர்முகமே தேவையில்லை என்ற கேள்வியும் எழுந்தது. 2016 ஜனவரி 1 முதல் மைய அரசின் குரூப் 'சி' பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் 'பி' பணிகளுக்கும் நேர்முகம் நீக்கப்பட்டது. வங்கி எழுத்தர் பணிக்கும் அவ்வாறே. ஆக, இன்று நேர்முகம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அதிகாரி நிலைகளில்தான். அங்கும் அதன் எடைக்கு வரம்பு உண்டு. குடிமைப்பணித் தேர்வில் 2,025-க்கு 275. தமிழ்நாடு குரூப் 1 தேர்வில் 850-க்கு 100. வங்கி அதிகாரித் தேர்வில் எழுத்துக்கும் நேர்முகத்துக்கும் எண்பதுக்கு இருபது என்ற விகிதம்; நேர்முகத்தில் குறைந்தது 40 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 விழுக்காடும் பெற்றாக வேண்டும்.

* * *

நீதிமன்றங்கள் நியாயத்தின் பக்கமிருந்து வந்து சேர்ந்த அதே இடத்துக்கு உளவியலாளர்கள் பயன் என்ற பக்கமிருந்து வந்து சேர்ந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹாலிங்வொர்த் 1922-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 விற்பனை மேலாளர்கள் 57 விண்ணப்பதாரர்களைத் தத்தம் வழியில் விசாரித்து வரிசைப்படுத்தினார்கள். ஒருவர் மேல்வரிசையில் வைத்தவரை இன்னொருவர் கடைவரிசையில் வைத்தார். அனுபவசாலிகள் முகம் பார்த்தே ஆளை எடைபோடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது. பின்வந்த ஆய்வுகள் ஒரு முடிவை மீண்டும் மீண்டும் உறுதிசெய்தன. அனைவருக்கும் ஒரே வகையான கேள்விகள், முன்கூட்டியே வகுத்த தலைப்புகள், எது நல்ல விடை என்பதற்கு எழுதிவைத்த அளவுகோல், கலந்து பேசுமுன் ஒவ்வொருவரும் தனித்தனியே இடும் மதிப்பெண் ஆகிய நான்கும் இருந்தால் நேர்முகத்தின் கணிப்பு மேம்படுகிறது. சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் பழைய ஆய்வுகளைத் திரட்டி மறுகணக்குச் செய்தபோது, பிற்காலத்து வேலைத்திறனோடு கட்டமைக்கப்பட்ட நேர்முகத்துக்கு உள்ள தொடர்பு 0.42 என்றும், கட்டமைப்பில்லாத நேர்முகத்துக்கு 0.19 என்றும் கண்டார்கள். ஆள்தேர்வு முறைகளில் முன்னது பட்டியலின் தலையில் நின்றது.

நம் நாட்டுத் தேர்வுக் குழுக்கள் எல்லாம் இந்த நான்கையும் முழுமையாகக் கடைப்பிடிக்கின்றன என்று சொல்ல முடியாது. குடிமைப்பணி நேர்முகத்தை, நோக்கமுள்ள இயல்பான உரையாடல் என்றே தேர்வாணையம் வருணிக்கிறது. அங்கே கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் போக்கு எந்தத் திசையில் என்பதில் ஐயமில்லை. தயாரிப்பும் அந்தத் திசையை அறிந்தே அமைய வேண்டும்.

* * *

முதலாவது, விண்ணப்பப் படிவம். தேர்வுக் குழுவின் மேசையில் நம்மைப் பற்றி இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கு வித்து. சொந்த ஊர் காரைக்குடி என்று எழுதியவர், சிவகங்கை மாவட்டம் 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்ததையும், கம்பன் கழகம் 1939-இல் தொடங்கியதையும், கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதையும் அறிந்திருப்பது நல்லது. வங்கிப் பணிக்குப் போகிறவர் அதோடு நிற்கக் கூடாது. பழைய செட்டியார் கடைக்கும் இன்றைய வங்கிக் கிளைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், ஈடு, வட்டி, கடனாளியை அறிந்த முறை, இழப்பைத் தாங்கியவர் யார் என்று நான்கு கோணங்களில் சொல்லத் தெரிய வேண்டும். அன்றைய மேலாள் கடன் வாங்குபவரை நேரில் அறிந்திருந்தார். இன்றைய கிளை மேலாளர் கடன் தகவல் நிறுவனத்தின் மதிப்பெண்ணைப் பார்க்கிறார். தெரியாதவனை எப்படி நம்புவது என்ற பழைய கேள்விதான் இரண்டிலும் இருக்கிறது. வங்கிக் கடனில் 40 விழுக்காடு வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குப் போகவேண்டும் என்ற விதியை இந்த இடத்தில் சேர்த்துச் சொல்பவர், பாடத்தையும் ஊரையும் ஒன்றாகப் படித்தவர் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, நம் வாழ்விலிருந்து ஐந்தாறு நிகழ்வுகளைத் தேர்ந்து வைத்துக்கொள்வது. கட்டமைக்கப்பட்ட நேர்முகத்தில் "நீங்கள் பொறுமைசாலியா?" என்று கேட்கமாட்டார்கள். "எதிர்ப்புக்கிடையே ஒரு வேலையை முடித்த அனுபவம் உண்டா, சொல்லுங்கள்" என்பார்கள். நிலைமை என்ன, அதில் நம் பொறுப்பு என்ன, நாம் செய்தது என்ன, விளைந்தது என்ன என்று நான்கு படிகளில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழக வேண்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம், வீட்டுக் கடையின் கணக்கு, ஊர்த் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பு எதுவானாலும் சரி. பெரிய நிகழ்வு தேவையில்லை. நடந்ததாக இருக்க வேண்டும். இட்டுக்கட்டியது இரண்டாவது துணைக்கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்று ஒரு தடை இருக்கிறது. 'நான் செய்தேன்' என்று சொல்ல நாணி, 'நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்' என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். தற்புகழ்ச்சி தகாது என்பது வளர்ப்பு. ஆனால் குழுவின் தாளில் 'எல்லாரும்' என்பதற்குக் கட்டம் கிடையாது. விண்ணப்பதாரர் ஒருவருக்குத்தான் மதிப்பெண். இந்தத் தயக்கத்துக்கு நம் இலக்கணத்திலேயே மருந்து உண்டு. நன்னூல் தன் பாயிரத்தில், அறிஞன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகும் என்று சில இடங்களை ஒதுக்கித் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி பழித்த காலத்தில் என்பன அவை. நேர்முக அறை இவற்றில் முதல் மூன்றுக்கும் பொருந்தும். விண்ணப்பம் என்பது ஓலை. எதிரே இருப்பவர்கள் நம்மை அறியாதவர்கள். அது வெல்ல வேண்டிய அவை. செய்ததைச் செய்தேன் என்று கூட்டாமல் குறைக்காமல் சொல்வது அங்கே பெருமை பேசுவதாகாது. அது கணக்கு ஒப்படைப்பு.

மூன்றாவது, ஒழுக்கம் பற்றிய சூழ்நிலைக் கேள்விகள். உங்கள் கிளையின் மூத்த அதிகாரி, தம் உறவினருக்கு ஆவணமில்லாமல் கடன் வழங்கச் சொல்கிறார், என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு வீரவசனமும் விடையாகாது, 'மேலதிகாரி சொன்னால் சரிதான்' என்பதும் விடையாகாது. விதி என்ன சொல்கிறது என்று பணிவோடு அவரிடமே எடுத்துரைப்பது, குறைந்த ஆவணத்தை முறையாகப் பெற உதவ முன்வருவது, அதற்கும் வற்புறுத்தினால் எழுத்தில் பதிந்து உரிய மேல்நிலைக்குத் தெரிவிப்பது என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். நாம் இதுவரை பார்த்த வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. உறவும் விதியும் மோதும்போது நிற்கும் இடத்தைத்தான் குழு பார்க்கிறது.

நான்காவது, வாய்விட்டுப் பழகுவது. மனத்துக்குள் சொல்லிப் பார்த்த விடை வாயில் வராது. மாதிரி நேர்முகத்துக்கு அத்தையையும் மாமாவையும் உட்காரவைப்பதைவிட, நம்மை அறியாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ கேட்பது நல்லது. வீட்டார் நம் விடையைக் கேட்பதில்லை, நம்மைக் கேட்பார்கள். மாதிரி நேர்முகம் முடிந்ததும் பேச்சைத் தொடங்குமுன், தலைப்புவாரியாக மதிப்பெண் எழுதித் தரச் சொல்ல வேண்டும். 'நல்லாத்தான் சொன்ன' என்ற ஒற்றை வரியால் பயனில்லை. அதுவும் மொத்தமாகப் போட்ட மதிப்பெண்தான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் கட்டணமின்றிப் பயிற்சி கிடைக்கிறது. தமிழ்நாடு தேர்வாணைய நேர்முகத்தில் தமிழிலேயே விடையளிக்கவும் இடமுண்டு. தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கும் பயிற்சி வேண்டும். சுற்றிவளைக்காமல், முகம் சுருங்காமல் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராக உட்காருவது எளிதன்று.

* * *

கட்டமைப்பு வந்துவிட்டதால் எல்லாம் நேராகிவிட்டது என்று நாம் எழுதிவிடக் கூடாது. சரளமான ஆங்கிலம், நகரத்துத் தோரணை, பணம் கட்டிப் பெறும் பயிற்சி ஆகியவை இன்றும் சில மதிப்பெண்களைக் கூட்டத்தான் செய்கின்றன. 'உள்ளே ஆள் இருந்தால்தான் வேலை' என்ற பேச்சு நம் தேநீர்க் கடைகளில் இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சு செய்யும் தீங்கு பெரிது. எப்படியும் கிடைக்காது என்று நம்பிவிட்ட பிள்ளை தயாரிப்பதை நிறுத்திவிடுகிறான். பணத்தோடு இடைத்தரகரைத் தேடிப் போகும் குடும்பங்களும் அந்த நம்பிக்கையிலிருந்துதான் புறப்படுகின்றன. தலைப்புவாரி மதிப்பெண்ணும், எடைக்கு வரம்பும், உறவினர் விலகலும் எத்தனை வழக்குகளால் வந்தன என்று அறிந்தவர் அப்படிக் கைவிடமாட்டார்.

கடைக்காரர் மகன், கண்டாங்கி நெய்பவர் மகள், கட்டடத் தொழிலாளியின் பிள்ளை என்று இன்று அழைப்புக் கடிதம் பெறுபவர்களில் பலருக்கு அந்த அறைக்குள் சுற்றம் என்று யாரும் இல்லை. பழைய கடையில் அவர்களுக்குப் பெட்டியடி வரை போகவே வழி இருந்திருக்காது. கேள்விகளை ஒழுங்குபடுத்தி, மதிப்பெண்ணைப் பகுத்து, தேர்வாளரின் கையைக் கட்டிய இந்த முறை முதன்மையாக அவர்களுக்காகவே வந்தது. பெட்டியடிப் பையன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து காட்டிய தகுதியை இவர்கள் அரைமணி நேரத்தில் காட்டவேண்டியிருக்கிறது. எனவே தயாரிப்பும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பப் படிவத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து தொடங்கலாம்.